சிறுமலர்ப் பள்ளி மாணவரும் காவிரிக் கரை அரிசியும்

மருத்துவராக வேண்டும் என்று வீட்டார் எண்ணியிருந்த மாணவர் ஒருவர், கல்லூரிப் படிப்பின் நடுவே, எவரும் எதிர்பாராத வகையில், மக்களின் உணவைப் பற்றிய படிப்பே தம் படிப்பு என்று திரும்பிக்கொண்ட வரலாற்றை இங்கே எழுத முற்படுகிறோம். அவர் நம் குடந்தையில் பிறந்தவர். கத்தோலிக்கப் பள்ளியொன்றில் பயின்றவர். பின்னாளில் உலகம் அறிந்த வேளாண் அறிஞர். எம்.எஸ். சுவாமிநாதன் என்ற பெயரைச் சொன்னவுடன் கோதுமையும் பசுமைப் புரட்சியும் நினைவுக்கு வருகின்றன. அவற்றைப் பற்றிப் போற்றியும் தூற்றியும் ஏராளமாக எழுதிவிட்டார்கள். நம் கவனம் அதற்கு முந்தைய காலத்தின் மீது செல்கிறது: பதினெட்டு வயது மாணவர் ஒருவரின் மனம் திரும்பிய 1943ஆம் ஆண்டு. அந்த ஆண்டைப் புரிந்துகொள்வதற்குக் காவிரிப் படுகையின் அரிசியைப் பற்றியும், நீலகிரியில் ஓர் அறைக்குள் தொடங்கிய ஆய்வைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. சுற்றி வளைப்பதாகத் தோன்றினால் வாசகர்கள் பொறுத்தருள்க.

சுவாமிநாதன் 1925ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் கும்பகோணத்தில் பிறந்தார். தஞ்சைத் தரணியிலிருந்து முன்னொரு காலத்தில் கேரளத்தின் மங்கொம்புக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம் அவருடையது. தந்தை சாம்பசிவன் அறுவை மருத்துவர். காந்தியடிகளின் வழி நின்றவர். குடந்தை அந்நாளில் கோயில்களுக்கும் வெற்றிலைக்கும் பெயர் பெற்றிருந்ததைப் போலவே யானைக்கால் நோய்க்கும் பெயர் பெற்றிருந்தது. மருத்துவமனையில் அமர்ந்து வீங்கிய கால்களுக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தால் போதாது என்று கண்ட சாம்பசிவன், நகர மக்களைத் திரட்டிக் கொசு வளரும் சாக்கடைகளையும் தேங்கிய நீரையும் ஒழிக்கும் பணியில் இறங்கினார். நோயின் வேர் நோயாளியின் உடலுக்கு வெளியே இருக்கக்கூடும் என்ற பாடத்தை அந்த வீட்டுச் சிறுவன் படிக்காமலே படித்திருப்பான் என்று நாம் கருதுகிறோம். பின்னாளைய முடிவுக்கு வித்து அங்கேயே விழுந்திருக்கலாம்.

மகனுக்குப் பதினொரு வயதாகும்போது தந்தை மறைந்தார். சிற்றப்பா முறையினரின் பொறுப்பில் வளர்ந்த சுவாமிநாதன், முதலில் உள்ளூர்ப் பள்ளி ஒன்றிலும் பின்னர் சிறுமலர் உயர்நிலைப் பள்ளியிலும் பயின்று, பதினைந்தாம் வயதில் மெட்ரிகுலேஷன் தேறினார். லிசியே நகரின் புனித தெரேசா புனிதையாக அறிவிக்கப்பட்டது 1925ஆம் ஆண்டு மே 17ஆம் நாள். அதற்கு மூன்று மாதங்களுக்குள் பிறந்த குழந்தை அவருடைய பெயர் தாங்கிய பள்ளிக்கே வந்து சேர்ந்தது. இதற்குப் பெரிதாகப் பொருள் கூற நாம் முனையவில்லை. ஆயினும் நம் பள்ளிகளில் யார் யார் வந்து அமர்ந்து எழுந்து சென்றிருக்கிறார்கள் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை.

1940இல் அவர் திருவனந்தபுரத்துக்குச் சென்று மகாராஜா கல்லூரியில் விலங்கியல் மாணவரானார். விலங்கியல் அப்போது மருத்துவக் கல்லூரிக்குப் படிக்கட்டு. தந்தையின் மருத்துவமனை காத்திருந்தது. குடும்பத்தின் எண்ணமும் அதுவே. இடையில் போர் வந்தது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றவும், அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. பர்மா அரிசியை வெகுவாக நம்பியிருந்த திருவிதாங்கூரில் மக்கள் மரவள்ளிக் கிழங்கைத் தின்று நாள் கழித்தார்கள். வங்கத்தில் நிலைமை இதனினும் கொடிது. 1942இல் அங்கே நெற்பயிரைச் செம்புள்ளி நோய் தாக்கியது, புயலும் வீசியது, விலை ஏறியது, போர்க்காலத்து அரசு படைக்கும் நகரத்துக்கும் அரிசியை ஒதுக்கியது. 1943இல் கல்கத்தாத் தெருக்களில் மனிதர் கஞ்சிக்காகக் கையேந்தி விழுந்து மாண்டனர். விசாரணை ஆணையம் இறந்தோரை 15 இலட்சம் என்று கணக்கிட்டது. பிற்கால ஆய்வாளர்கள் 30 இலட்சம் வரை சொல்கிறார்கள்.

இச்செய்திகளைப் படித்துக்கொண்டும், தாம் வாழ்ந்த ஊரிலேயே அரிசிப் பஞ்சத்தைக் கண்டுகொண்டும் இருந்த விலங்கியல் மாணவர், மருத்துவம் வேண்டாம், வேளாண்மை படிக்கிறேன் என்றார். இன்றைய பெற்றோருக்கு இதன் கனம் விளங்கும் என நம்புகிறோம். அந்நாளில் மருத்துவமும் பொறியியலுமே மதிப்புக்குரிய படிப்புகள். நெற்களஞ்சியம் என்று பெருமை பேசிய தஞ்சை மாவட்டத்து நிலக்கிழார்கள்கூடத் தம் மக்களைச் சட்டம் படிக்க அனுப்பினார்களேயன்றி நெல்லைப் பற்றிப் படிக்க அனுப்பியது அரிது. வயல் என்பது வருமானம் வரும் இடம். அதை அறியவேண்டியவன் காரியஸ்தன். இந்த மனப்பான்மைக்கு நடுவில், விலங்கியல் பட்டம் பெற்ற கையோடு 1944இல் கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியில் மறுபடியும் இளங்கலை மாணவராகச் சேர்ந்தார் சுவாமிநாதன். 1947இல் அந்தப் பட்டமும் பெற்றார். பிறகு இந்தியக் காவல் பணிக்குத் தேர்வு பெற்றும் அதை விட்டுவிட்டு ஆய்வுக்காக நெதர்லாந்துக்குச் சென்றார். இரண்டு முறை கைக்கெட்டிய வாழ்வை உதறியவர் என்று இதைச் சொல்ல வேண்டும்.

இங்கே சற்று நின்று, அரிசியை நோக்குவோம். அரிசி இல்லாமல் மடிவது ஒரு துன்பம். அரிசி உண்டும் நலிவது வேறொரு துன்பம். இந்த இரண்டாவதை நம் நாட்டில் முறையாக ஆராயத் தொடங்கிய இடம் நீலகிரியின் குன்னூர். 1918இல், அங்குள்ள பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில், இராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயைப் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் தளர்ந்து மாய்க்கும் நோய் அது. தவிடு நீக்கிய வெள்ளை அரிசியை மட்டுமே உண்ட கோழிகளுக்கு அத்தகைய நோய் வந்ததை ஜாவாத் தீவில் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர் முன்பே கண்டிருந்தார். அதற்காக 1929இல் நோபல் பரிசும் பெற்றார்.

இதில் தஞ்சைக்கு நேர்த் தொடர்பு ஒன்று உண்டு. நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவின் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற நம் மக்கள் தம்முடன் புழுங்கலரிசிப் பழக்கத்தையும் கொண்டு சென்றார்கள். அதே நாட்டில் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர்கள் தீட்டிய பச்சரிசியை உண்டு பெரிபெரியால் கூட்டங்கூட்டமாக மாண்டபோது, தமிழ்க் கூலிகளிடையே அந்நோய் அரிதாகவே காணப்பட்டது. காரணம் அறியாத மருத்துவர்கள் திகைத்தனர். 1905ஆம் ஆண்டையொட்டி, கோலாலம்பூர் மனநோய் விடுதியில் பிளெட்சர் என்ற மருத்துவர் விடுதியினரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் மறு பிரிவுக்குத் தீட்டிய வெள்ளை அரிசியும் அளித்துப் பார்த்தார். வெள்ளை அரிசிப் பிரிவில் பலர் நோயுற்று 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசிப் பிரிவில் எவரும் இறக்கவில்லை. மனநிலை சரியில்லாத ஏழைகளின்மீது நடத்திய இச்சோதனையை இன்றைய மனச்சான்று ஏற்காது. ஆனால் அது காட்டிய உண்மை பிழையானதன்று.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டில் உள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்தின் ஒரு பகுதி நீரோடு கலந்து அரிசியின் உட்புறம் இறங்கிவிடுகிறது. பின்னர் ஆலையில் தவிட்டை நீக்கினாலும், களைந்த நீரைக் கொட்டினாலும், அது முழுவதும் போய்விடுவதில்லை. ஆந்திரத்தின் வடக்கு மாவட்டங்களில் பெரிபெரி பரவியிருக்கவும், தமிழ்நாட்டில் அது இல்லாதிருக்கவும் அங்கே பச்சரிசியும் இங்கே புழுங்கலும் உண்ணப்பட்டதே காரணம் என்பதைக் குன்னூர் ஆய்வாளர்கள் தெளிவாக்கினார்கள். முற்றத்துத் தொட்டியில் நெல் ஊறிய வாடையும், அவித்த நெல் பாயில் ஆறும்போது எழும் ஆவியும் எம் தலைமுறையினர் பலருக்கு இன்றும் நினைவிருக்கும். பச்சரிசி உயர்ந்தோர் உணவு, படையலுக்கு உரியது. புழுங்கல் உழைப்பாளி உணவு என்றொரு ஏளனம் நம் ஊர்களில் இருந்ததுண்டு. ஏழையின் சோறே உயிர் காத்த சோறாயிற்று.

ஆனால் இதனால் நம் உணவு முழுமையானது என்று மயங்கலாகாது. பஞ்சாபியரின் உணவு, வங்காளியரின் உணவு, சென்னை மாகாணத்தாரின் உணவு என வகைக்கொன்றாக எலிகளுக்கு ஊட்டி வளர்த்து ஒப்பிட்டார் மெக்காரிசன். முழுக் கோதுமை, பால், பருப்பு, காய்கறி அடங்கிய உணவை உண்ட எலிகள் செழித்தன. அரிசியே பெரும்பகுதியான நம் உணவை உண்டவை கடைசி வரிசையில் நலிந்து நின்றன. நமக்கு உவப்பில்லாத செய்திதான். அரிசி குற்றவாளி அன்று. தட்டில் அரிசியோடு வேறொன்றும் இல்லாமற் போனதே குற்றம்.

அரிசியின் தவிடு தஞ்சையில் பிறந்த மற்றொரு மாணவரையும் ஆட்கொண்டது. 1892 ஜனவரி 4ஆம் நாள் தஞ்சையில் கிறிஸ்தவக் குடும்பமொன்றில் பிறந்த ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ், இலண்டனில் கணக்காயர் பயிற்சி பெற்றுப் பம்பாயில் வசதியாக வாழ்ந்தவர். அமெரிக்காவில் மீண்டும் மாணவராகி, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொதுநிதியைப் பயிலும்போது, இந்தியா ஏன் வறுமையில் கிடக்கிறது என்ற கேள்வி அவரைப் பற்றிக்கொண்டது. திரும்பி வந்து 1929இல் காந்தியடிகளைச் சந்தித்தார். ஜே.சி. குமரப்பா என்று நாடு அறிவது அவரையே. 1934இல் தொடங்கிய அனைந்திந்தியக் கிராமத் தொழில்கள் சங்கத்தின் செயலாளராக வார்தாவில் இருந்து அவர் ஆற்றிய பணிகளில், ஆலை அரிசிக்கு எதிராகக் கைக்குத்தல் அரிசியை நிலைநாட்டும் முயற்சி முக்கியமானது. ஆலை வந்தால் அரிசியின் சத்து தவிட்டோடு போகிறது, உலக்கை பிடித்த பெண்ணின் கூலி ஆலைக்காரனிடம் போகிறது என்பது அவர் கண்ட கணக்கு. கணக்காயர் அல்லவா! அந்தப் போரில் அவர் தோற்றார் என்பதே வரலாறு. உலக்கையின் ஓசை நின்றுபோயிற்று. உலக்கை பிடித்தோரின் தோள் வலியும் அதோடு நின்றது என்பதையும் நேர்மையுடன் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மெக்காரிசனுக்குப் பின் 1935இல் குன்னூர்ப் பொறுப்பை ஏற்ற எய்க்ராய்டு, நம் உணவுப் பொருள்களில் எதில் எவ்வளவு சத்து என்பதை அட்டவணையாக்கி 1937இல் வெளியிட்டார். வங்கப் பஞ்ச விசாரணை ஆணையத்தில் அவரும் ஓர் உறுப்பினர். சேலத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற சி. கோபாலன் பின்னாளில் அந்தப் பணியைத் தொடர்ந்தார். அந்த ஆய்வுக்கூடம் 1958இல் ஐதராபாத்துக்கு மாறியது. நம் குழந்தைகள் நலிவது புரதம் என்ற ஒன்றின் குறையால் என்று உலகம் பேசியபோது, வயிறு நிறையச் சோறே இல்லாத குழந்தைக்குப் புரத மாவு மட்டும் விடையாகாது என்று எடுத்துக்காட்டியவர் அவர். மருத்துவம் படித்து உணவுக்குத் திரும்பியவர் கோபாலன். மருத்துவம் படிக்கப் புறப்பட்டு வயலுக்குத் திரும்பியவர் சுவாமிநாதன். இருவரும் ஒரே கேள்வியை இரு முனைகளில் பிடித்தவர்கள்.

சுவாமிநாதன் 1952இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்று, விஸ்கான்சினில் ஆய்வு முடித்து, 1954இல் நாடு திரும்பினார். முதலில் பணியாற்றிய இடம் கட்டாக் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம். வங்கப் பஞ்சத்தின் படிப்பினையாக 1946இல் எழுந்த நிறுவனம் அது. நம் உயரமான நெல் வகைகள் உரமிட்டால் சாய்ந்துவிடும். ஜப்பானிய வகைகள் உரத்தைத் தாங்கி நிற்கும். இரண்டையும் இணைக்கும் ஒட்டுத் திட்டம் அங்கே நடைபெற்றது. அவர் சில மாதங்களில் டெல்லிக்குப் போய்க் கோதுமையில் ஆழ்ந்துவிட்டார். ஆனால் அந்த ஒட்டுத் திட்டத்தின் வழிவந்த ஒரு நெல், அவர் பிறந்த ஊரிலிருந்து கூப்பிடு தொலைவு என்று சொல்லத்தக்க ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1965இல் வெளிவந்தது. ஜப்பானின் நோரின் 10, கோவையில் தேர்ந்தெடுத்த ஜி.இ.பி. 24 என்னும் கிச்சிலிச் சம்பா ஆகியவற்றின் சேர்க்கை அது. ஏ.டி.டி. 27 என்று பெயர் பெற்ற அந்தக் குறுவை நெல் தஞ்சை வயல்களில் காட்டுத்தீயெனப் பரவியது. 1960 முதலே தீவிர வேளாண் மாவட்டமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த தஞ்சையில், மேட்டூர் நீரும் உரமும் புது விதையும் ஒன்றுசேர்ந்தன. களத்தில் நெல் குவிந்தது. குறுவை அறுவடை மழையில் அகப்பட்டு நெல் முளைவிடவே, ஈர நெல்லைக் காக்கும் வழி காண 1967இல் திருவாரூரில் நெல் பதன ஆராய்ச்சி மையமும் தோன்றியது. அதன் வழித்தோன்றலாகிய தஞ்சை உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில்தான் இன்று நம் பிள்ளைகள் பலர் உணவைப் படிப்பாகப் படிக்கிறார்கள்.

நெல் குவிந்த அதே ஆண்டுகளில், அதே மாவட்டத்தில், நாம் மறக்கவொண்ணாத இரவு ஒன்றும் வந்தது. 1968 டிசம்பர் 25. நம் ஆலயங்களில் பாலன் பிறந்த மகிழ்ச்சி இன்னும் அடங்காத நேரம். அறுவடைக் கூலியாகச் சற்றுக் கூடுதல் நெல் கேட்டுச் சங்கமாகச் சேர்ந்திருந்த கீழ்வெண்மணித் தலித் உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக ஒரு குடிசைக்குள் அடைபட்டு எரிந்து மாண்டனர். விளைச்சல் பெருகினால் பசி தானே தீரும் என்ற எண்ணத்துக்கு அந்தச் சாம்பல் விடை கூறிற்று. வங்கத்திலும் உணவு அறவே இல்லாமற் போனதால் அன்று, வாங்க இயலாமற் போனதாலேயே மக்கள் மாண்டனர் என்று அமர்த்திய சென் 1981இல் விரிவாக எழுதினார். சுவாமிநாதனின் கேள்விக்குப் பாதி விடை ஆய்வு வயலில் கிடைத்தது. மறுபாதி கூலிக் களத்தில் கிடந்தது. இது அவரைக் குறைத்துச் சொல்வதன்று. விதையறிவியல் தன் வேலையைச் செய்தது. நீதி தன் வேலையைச் செய்யவில்லை.

அவரும் கண்மூடி இருக்கவில்லை. கோதுமை வெற்றியைக் கொண்டாடி 1968இல் அரசு அஞ்சல் தலை வெளியிட்டது. அதே ஆண்டின் ஜனவரியில், வாராணசியில் கூடிய அறிவியல் மாநாட்டில், மண்வளத்தைப் பேணாமலும் பூச்சிமருந்தை வரைமுறையின்றியும் பயன்படுத்தி, பல வகைகள் விளைந்த நிலத்தில் ஒரே வகையைப் பயிரிட்டால் பேரழிவு நேரும் என்று அவர் எச்சரித்திருந்தார். எச்சரிக்கையைக் கேட்டவர் சிலர். உரமூட்டையைக் கேட்டவர் பலர்.

அந்த எச்சரிக்கையை வாழ்க்கையாக்கிக் கொண்டவரும் தஞ்சை மாவட்டத்தவரே. திருக்காட்டுப்பள்ளியை அடுத்த இளங்காட்டில் 1938இல் பிறந்த நம்மாழ்வார், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்து, கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் பணியேற்று, ஏழை உழவனுக்கு உதவாத ஆய்வு இது என்று விட்டு விலகினார். பிறகு களக்காட்டில் பத்தாண்டுகள் அவர் பணியாற்றிய அமைதித் தீவு இயக்கம், 1958இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற தோமினிக்கன் துறவி அருட்தந்தை தோமினிக் பீர் தோற்றுவித்தது. பூண்டி மாதா திருத்தலத்துக்குச் செல்லும் நம்மில் எத்தனை பேர், அருகிலுள்ள அந்தக் கிராமத்தின் பெயரைக் கேட்டிருப்போம்? அவர் 2013 டிசம்பர் 30 அன்று மறைந்தார். மாப்பிள்ளைச் சம்பாவையும் பிற மரபு நெல்களையும் மீட்டெடுத்துத் திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் நெல் திருவிழா கண்ட நெல் ஜெயராமன் அவர் வழி வந்தவர். சுவாமிநாதனையும் நம்மாழ்வாரையும் எதிரெதிராக நிறுத்தி வழக்காடுவது நம் மேடைகளில் வழக்கம். 1943இன் பசியைக் கண்டு புறப்பட்டவர் ஒருவர். அந்தப் பசியைத் தீர்த்த வழியின் புண்களைக் கண்டு புறப்பட்டவர் மற்றவர் என்று நாம் பார்க்கிறோம்.

முதிய வயதில் சுவாமிநாதன் மீண்டும் மீண்டும் பேசியது விளைச்சலைப் பற்றி அன்று, மறைபசியைப் பற்றி. வயிறு நிறைந்திருந்தும் இரும்பும் துத்தநாகமும் உயிர்ச்சத்தும் இல்லாமல் உடல் உள்ளுக்குள் பட்டினி கிடப்பதே மறைபசி. 1988இல் சென்னையில் அவர் நிறுவிய ஆய்வு நிறுவனம் சிறுதானியங்களையும் கீரைகளையும் உழவோடு இணைக்கும் முயற்சியில் ஈடுபட்டது. எந்தக் கேள்வியைக் குன்னூரின் ஒற்றை அறை கேட்டதோ, அதே கேள்விக்கு அவரும் வந்து சேர்ந்தார். நம் மாநிலம் 1956இல் காமராசர் காலத்திலும் 1982இல் எம்.ஜி.ஆர். காலத்திலும் பள்ளிச் சிறுவர்களுக்குச் சோறிட்டது. பின்னர் முட்டையும் சேர்த்தது. இருந்தும், 2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர் சோகை உடையவர்களாகவே காணப்பட்டனர்.

ஆண்டவர் கற்பித்த செபத்தில் அன்றாட உணவுக்காக நாம் மன்றாடுகிறோம். அந்த உணவு எதனால் ஆனது என்று கேட்க நமக்கு ஏனோ தோன்றுவதில்லை. நம் இல்லத்து அடுப்படியில் அரிசியை ஐந்தாறு முறை களைந்து கழுநீரைப் பசுவுக்கு வைக்கிறோம். கஞ்சியை வடித்து அதையும் பசுவுக்கே வைக்கிறோம். பசு இல்லாத வீடுகளில் அது சாக்கடைக்குப் போகிறது. எய்க்ராய்டு தம் ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்த்தது அந்தக் கழுநீரையும் கஞ்சியையுமே.

சுவாமிநாதன் 2023 செப்டம்பர் 28 அன்று சென்னையில் காலமானார். மறு ஆண்டு அவருக்குப் பாரத ரத்னா வழங்கப்பட்டது. குடந்தையின் சிறுமலர்ப் பள்ளியில் இப்போதும் பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர்களுள் அறிவியல் பிரிவில் தேறுவோர் பெரும்பாலும் மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கே ஆயத்தமாகிறார்கள்.